அறுபதுக்குப் பிறகு நான்கு விழுக்காடு

அறுபதாம் கல்யாணத்துக்குக் கலசம் வைக்கிறோம். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சொந்தபந்தம் வந்து இலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அதற்கு அடுத்த மாதம் வரும் சம்பளச் சீட்டைத்தான் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மலேசியாவில் தனியார் துறையில் 5,000 வெள்ளிவரை சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 60 நிறைந்ததும் அந்தச் சீட்டில் சில வரிகள் ஓசையில்லாமல் மாறிவிடுகின்றன. இ.பி.எஃப். எனும் சேமநிதிக் கணக்குக்கு முதலாளி கட்டிவந்த 13 விழுக்காடு 4 ஆகிறது. ஊழியர் கட்டிய 11 விழுக்காடு ஒன்றுமில்லாமல் போகிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இயலாமைத் திட்டம் நின்று, வேலையிட விபத்துக்கான பாதுகாப்பு மட்டும் மிஞ்சுகிறது. வேலையிழப்புக் காப்புறுதியும் அத்தோடு சரி. குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டத்துக்கும் அவருக்கும் இனிச் சம்பந்தமில்லை. அவர் செய்யும் வேலை மட்டும் மாறுவதில்லை. அதே காவல் கூண்டு, அதே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதே விளக்குமாறு.

நாடு பேசிக்கொண்டிருப்பது வேறொரு எண்ணைப் பற்றி. ஓய்வு வயதை 65 ஆக்கலாம் என்று 2025-இல் பிரதமர் துறை அமைச்சர் அஸாலினா ஒத்மான் சைட் சொன்னதிலிருந்து நாடாளுமன்றம் முதல் காப்பிக்கடை வரை அந்த வாதம் ஓயவில்லை. வாதம் வேண்டியதுதான். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2030-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு இருப்பார்கள். முதியோர் விகிதம் கூடிய மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. ஆனால் ஜெலுத்தோங் போன்ற ஓர் இடத்தில் நின்று பார்த்தால், 60-ஆ 65-ஆ என்பது இரண்டாவது கேள்விதான். இங்கே பலர் 65 வரையும் அதற்கு மேலும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டம் திருத்தப்படும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அப்படி உழைப்பவரை இந்த நாடு எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஓய்வு வயது என்பது கல்லில் செதுக்கியதல்ல. அரசு ஊழியருக்கு 55 ஆக இருந்தது 2001-இல் 56 ஆனது, 2008-இல் 58 ஆனது, 2012-இல் 60 ஆனது. தனியார் துறையில் அதுவரை சட்டமே இல்லை. 55 என்பது பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கம், அவ்வளவுதான். வழக்கம் எவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. ஒரு பிளாஸ்டிக் கம்பெனி 2001-இல் வெளியிட்ட கையேட்டில் ஆண்களுக்கு ஓய்வு வயது 55, பெண்களுக்கு 50 என்று எழுதியது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட எட்டுப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். தொழில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. அதே 2012-இல்தான் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் நிறைவேறியது. 2013 ஜூலை 1 முதல் 60-க்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி யாரையும் அனுப்ப முடியாது, மீறினால் 10,000 வெள்ளிவரை அபராதம் என்றானது.

நல்ல சட்டம். ஆனால் யாருக்கெல்லாம் அது பொருந்தாது என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. 24 மாதத்துக்கு மேற்போகாத ஒப்பந்தத்தில் இருப்பவர், பகுதி நேர ஊழியர், வீட்டு வேலை செய்பவர் என்று போகும் அந்தப் பட்டியல்தான் ஜெலுத்தோங் வாசிகளில் கணிசமானோரின் வேலைப் பட்டியலும்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: ஜெலுத்தோங் ஜார்ஜ்டவுனின் தென்பகுதி. பழைய சந்தையும் கடைவீடுகளும் வரிசை வீடுகளும் ஒரு பக்கம். கடலைத் தூர்த்த நிலத்தில் கர்பால் சிங் டிரைவ் ஓரமாக எழுந்த உயரக் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். நடுவே துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலை. பழையவர்கள் வாயில் அது இன்னும் ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வேதான். அந்தச் சாலையில் தெற்கே போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. ஊரின் பெயரைத் தாங்கிய நாடாளுமன்றத் தொகுதியை 1978 முதல் 1999 வரை வைத்திருந்த கர்பால் சிங்கை 'ஜெலுத்தோங் புலி' என்றே நாடு அழைத்தது. 2014 ஏப்ரலில் தமது 73-ஆம் வயதில் அவர் சாலை விபத்தில் இறந்தது, பினாங்கில் ஒரு வழக்குக்காக விடியற்காலையில் வந்துகொண்டிருந்தபோது. வழக்கறிஞருக்கு ஓய்வு வயது கிடையாது. பிரதமருக்கும் கிடையாது, மகாதீர் இரண்டாம் முறை பதவியேற்ற 2018 மே மாதத்தில் அவருக்கு வயது 92. 65 என்றால் இவ்வளவு சூடாக வாதிடும் நாம் 92-க்கு முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். வயதான பிறகும் விரும்பி உழைப்பவருக்கு நாட்டில் எந்தத் தடையும் இருந்ததில்லை. வேறு வழியில்லாமல் உழைப்பவரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

தமிழர் விஷயத்தில் இந்த நிலைமை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. படிப்பு அதிகமில்லாத தமிழ்த் தொழிலாளிக்கு முதுமையில் மாதாமாதம் பணம் வரும் ஒரே வழி 'கவர்மெண்ட் வேலை'. ரயில்வே, பொதுப்பணி, நகராண்மைக் கழகம், துறைமுகம், தந்தி தொலைபேசி, மின்சார வாரியம், அரசு மருத்துவமனை. பெரிய சம்பளமில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் தள்ளினால் கடைசிச் சம்பளத்தில் பாதிவரை பென்சன் உண்டு; அவர் போன பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு தொடரும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த ஒரு தலைமுறை இந்த வேலைகளைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. வீட்டுக்கு ஒரு பென்சன் தாத்தா இருந்த காலம் அது.

பிறகு வரிசையாகக் கதவுகள் மூடின. 1987-இல் தொலைபேசித் துறை கம்பெனியானது. 1990-இல் மின்சாரம், 1992-இல் ரயில்வே, 1994-இல் பினாங்குத் துறைமுகம். 1990-களின் நடுவில் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு உள்ளிட்ட ஐந்து துணைச் சேவைகள் தனியாரிடம் போயின. வேலைகள் மறையவில்லை, தரை துடைக்கத் தரை இருக்கத்தான் செய்கிறது. பென்சன் மட்டும் மறைந்தது. அரசுப் பள்ளிகளில் துப்புரவும் காவலும் இன்று குத்தகைக்காரர் கையில். சில ஆண்டுகளுக்கொரு முறை குத்தகை கைமாறும். புதிய கம்பெனி, அதே ஆட்கள், அதே பள்ளி. பணிக்காலம் மட்டும் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். பதினைந்து வருடம் ஒரே வராந்தாவைப் பெருக்கியவர் தாளில் புதிய ஊழியர். ஆண்டு விடுப்பும் ஆள்குறைப்பு நட்டஈடும் பணிக்காலத்தைப் பொறுத்தவை என்பதால் இது வெறும் தாள் விவகாரமல்ல.

பெண்களின் கதை பாயான் லெப்பாஸில் தொடங்குகிறது. 1972-இல் அந்தத் தொழிற்பேட்டை திறந்து, இன்டெல் முதலான மின்னணுக் கம்பெனிகள் வந்தபோது, அவை தேடியது நல்ல பார்வையும் விரைவான விரல்களும் கொண்ட இளம்பெண்களை. விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். பினாங்கு இன்று உலக சிப் வரைபடத்தில் இருப்பதற்கு முதல் காரணம் அந்தப் பெண்களின் கண்களும் கைகளும். 1972-இல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு 2007-இல் 55. புதிய சட்டம் வர ஆறு ஆண்டு முன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பலர் அதுவரைகூட இருக்கவில்லை. பிள்ளைப்பேறு, கணவரின் இடமாற்றம், மாமியார் நோய், 1998-இலும் 2001-இலும் வந்த ஆள்குறைப்பு என்று இடையிலேயே வெளியேறினார்கள். சேமநிதி என்பது சம்பளத்தின் நிழல். சம்பளம் இல்லாத ஆண்டுகளுக்கு அது விழாது. குழந்தை வளர்த்த பத்தாண்டுகளுக்கு இந்த நாட்டின் எந்தக் கணக்கிலும் வரவு இல்லை.

சேமநிதியைக் குறை சொல்வதற்கில்லை. 1951-இல் தொடங்கிய இ.பி.எஃப். ஆசியாவின் பழைய சேமநிதிகளில் ஒன்று. நிர்வாகம் ஒழுங்கு, 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. ஆனால் அது சேமிப்புப் பெட்டி. போட்டதும் அதன் குட்டியும்தான் திரும்பி வரும். குறைந்தபட்சச் சம்பளம் என்ற சட்டமே 2013-இல்தான் வந்தது, அப்போது தீபகற்பத்தில் 900 வெள்ளி. அதற்கு முன் ஐந்நூறு அறுநூறு வாங்கியவர் பெட்டியில் மாதம் நூற்றைம்பதுகூடச் சேர்ந்திருக்காது. 55 வயதில் கையில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு 240,000 வெள்ளி என்று வாரியம் 2019-இல் வைத்தது. மாதம் ஆயிரமாக இருபது வருடம் வரும் கணக்கு அது. 2026-இல் தொடங்கி அந்த இலக்கைப் படிப்படியாக 60 வயதில் 390,000 என்று உயர்த்த முடிவெடுத்தார்கள். விலைவாசியைப் பார்த்தால் உயர்த்துவது நியாயம். ஆனால் கோவிட் காலத்து நான்கு சிறப்பு மீட்புகளில் சுமார் 145 பில்லியன் வெள்ளி வெளியே போன பிறகு, 2022 இறுதியில், 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை. ஊரடங்கில் வயிற்றுக்கு எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து 'ஏன் எடுத்தீர்கள்' என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அரசாங்கம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதைத் தொழிலாளியின் முதுமையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

இனி அந்த நான்கு விழுக்காட்டுக்கு வருகிறேன். முன்பு 60 தாண்டியவருக்கும் ஏறக்குறையப் பாதி விகிதமாவது இருந்தது. முதலாளி ஆறு, ஆறரை, ஊழியர் ஐந்தரை. 2018 நவம்பரில் அன்றைய நிதியமைச்சரும் பினாங்கின் முன்னாள் முதலமைச்சருமான லிம் குவான் எங் தாக்கல் செய்த பட்ஜெட் அதை 2019 முதல் முதலாளிக்கு 4, ஊழியருக்கு 0 என்று இறக்கியது. வயதானவர் கையில் கூடுதல் காசு கிடைக்கும், முதலாளிகளும் அவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது காரணம். கூடவே இன்னொரு சலுகை: 60 தாண்டியவரை மாதம் 4,000 வெள்ளிவரை சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கு வருமான வரியில் கூடுதல் கழிவு.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 59 வயதுக் காவலாளியின் கணக்கில் மாதம் சுமார் 408 வெள்ளி சேர்கிறது. அதில் முதலாளியின் பங்கு 221. 60 ஆனதும் முதலாளியின் பங்கு 68, சேர்வதும் அந்த 68 மட்டும்தான். தொழிலாளி கையில் கூடுதலாக வரும் 187 வெள்ளி அவருடைய சொந்தப் பணம், யாரும் புதிதாகக் கொடுத்ததில்லை. முதலாளி மாதம் 153 வெள்ளி மிச்சம் பிடிக்கிறார். ஐந்து வருடத்தில் அது 9,180. அதன்மேல் வரிக் கழிவு வேறு. ஆக, முதியவரை வேலைக்கு வைப்பதற்கான ஊக்கத் தொகையின் ஒரு பகுதியை அந்த முதியவரே கட்டுகிறார். சேமிப்பு போதாததால்தானே அவர் இன்னும் வேலை செய்கிறார்? போதாதவரின் சேமிப்பைத்தான் முதலில் வெட்ட வேண்டுமா?

சொக்சோவிலும் இதே வெட்டுதான், அங்கே இன்னும் ஆழம். 59 வயதில் பக்கவாதம் வந்து படுத்தால், சந்தா நிபந்தனைகள் சரியாக இருந்தால், இயலாமைப் பென்சன் உண்டு. 59-இல் இறந்தால் மனைவிக்கு வாரிசுப் பென்சன். 61 வயதில் அதே கூண்டில் அதே நோய் வந்தால் அந்த வழி இல்லை. நோய் வரும் வாய்ப்பு கூடும் வயதில் காப்பு குறைகிறது. இதை வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; 60-இல் எல்லாரும் வீட்டில் பேரப்பிள்ளையோடு இருப்பார்கள் என்ற பழைய படத்தை வைத்துச் செய்தார்கள். அந்தப் படத்தை யாரும் மாற்றி வரையவில்லை.

பக்கத்து நாட்டில் வரைந்தார்கள். சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63. அதற்குப் பிறகும் தகுதியுள்ள ஊழியருக்கு 68 வரை மறுவேலை தர முதலாளி முன்வர வேண்டும் என்பது சட்டம். 2026 ஜூலையில் இவை 64, 69 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், 55 தாண்டிய ஊழியருக்கான சேமநிதி விகிதத்தை 2022 முதல் படிப்படியாக ஏற்றிவருகிறார்கள். நாம் 2019-இல் இறக்கினோம், அவர்கள் 2022-இல் ஏற்றத் தொடங்கினார்கள். சிங்கப்பூரை எல்லாவற்றிலும் பின்பற்றச் சொல்பவன் அல்ல நான்; தட்டு ஏந்தி உணவங்காடியைத் துடைக்கும் எண்பது வயதுக்காரர்கள் அங்கேயும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி.

மொத்தமாகக் கையில் கொடுப்பதா, மாதாமாதமா என்பது அடுத்த சிக்கல். 2025 ஜூலை 31-இல் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டம், சேமநிதியின் ஒரு பங்கை மாத வருமானமாகக் கொடுக்கும் முறையைப் பேசியதும் பெரிய கூச்சல் எழுந்தது. இப்போதைய உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று வாரியம் விளக்க வேண்டியிருந்தது. மொத்தத் தொகை சில ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது என்று வாரியமே சொல்லிவருகிறது. மகள் கல்யாணம், மகனின் கடன், கூரை மாற்றுவது என்று அது எங்கே போகிறது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மாத வருமானத்தை நான் ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு தயக்கத்தோடு. சாகும்வரை கொடுக்கும் திட்டத்தில் நீண்ட நாள் வாழ்பவருக்கு லாபம், சீக்கிரம் போகிறவருக்கு நட்டம். இந்நாட்டின் பெரிய இனங்களில் சராசரி ஆயுள் குறைந்தவர்கள் இந்திய ஆண்கள் என்று புள்ளிவிவரத் துறையின் கணக்கே சொல்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதயமும் அதற்குக் காரணம். ஆகவே எந்த மாத வருமானத் திட்டமானாலும், உறுப்பினர் முன்கூட்டி இறந்தால் மீதித் தொகை குடும்பத்துக்குப் போகும்படி எழுதப்பட வேண்டும். ஓய்வு வயதை 65 ஆக்குவதிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது: வேலை வயது ஏறட்டும், 55-இல் பணம் எடுக்கும் உரிமையை அதோடு சேர்த்து இழுக்கக் கூடாது. மூட்டை தூக்கி முதுகு போனவருக்கு இன்னும் ஐந்தாண்டு என்பது மேசை வேலைக்காரரின் ஐந்தாண்டு அல்ல.

சேமநிதிக்குள் வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் அம்மாக்கள், கிராப் ஓட்டும் முன்னாள் லாரி ஓட்டுநர்கள், வாழ்நாளெல்லாம் சம்பளச் சீட்டே பார்க்காத இல்லத்தரசிகள். சுயதொழில் செய்பவர் கட்டினால் அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளிவரை சேர்க்கும் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. மிச்சம் இருப்பவருக்குத்தான் அது உதவும். சமூக நலத்துறையின் முதியோர் உதவித்தொகை மாதம் 600 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது, ஆனால் அது ஏழ்மையை நிரூபிப்பவருக்கு மட்டும். பிள்ளைகளின் வருமானத்தைக் கேட்பார்கள். பிள்ளை கொடுக்கிறானா என்பது வேறு விஷயம். கொடுக்கவில்லை என்று அதிகாரி முன்னால் சொல்லும் தாயை நான் இன்னும் பார்க்கவில்லை. தாய்லாந்தில் 2009 முதல், வேறு பென்சன் இல்லாத 60 தாண்டிய எவருக்கும் மாதாமாதம் பணம் தருகிறார்கள்; பிறகு அது 600 பாட்டில் தொடங்கி, வயதுக்கேற்ப 1,000 பாட் வரை என்று ஆனது. சிறு தொகைதான். ஆனால் ஏழ்மையைக் காட்டிக் கையேந்தாமல் வருகிறது. சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் தரத் தொடங்கியது 1962-இல். இன்று தமிழ்நாட்டில் அது 1,200. நம்மைவிட வசதி குறைந்த இடங்கள் இவை.

செலவு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். சரியான கேள்வி, 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேரும் அரசு ஊழியருக்கே பென்சன் இல்லை, இ.பி.எஃப். என்று அரசு அறிவித்ததும் இதே காரணத்தால்தான். அனைவருக்குமான முதியோர் பென்சனை நாளைக்கே எதிர்பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளைஞர் வேலையை முதியவர் பறிப்பார் என்ற வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அலுவலக மேலாளர் நாற்காலியில் அது கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். இரவு ஜாகா வேலைக்கு வரிசையில் நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரர் யாரும் என் கண்ணில் பட்டதில்லை.

இருக்கும் வழிகளில் சுலபமானது ஒன்று இருக்கிறது. 60 தாண்டியவருக்கான விகிதம் இ.பி.எஃப். சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. 2019-இல் அது இறங்கியது புதிய சட்டத்தால் அல்ல, அந்த அட்டவணையைத் திருத்திய ஓர் அரசிதழ் ஆணையால். இன்று 60-ஆ 65-ஆ என்ற மசோதா வரட்டும், வராமல் போகட்டும். முதலாளியின் பங்கை 4-லிருந்து பழைய ஆறரைக்கும், பிறகு படிப்படியாக 13-க்கும் ஏற்ற இன்னோர் ஆணை போதும். இ.பி.எஃப். நிதியமைச்சின் கீழ் வருகிறது, சொக்சோ மனிதவள அமைச்சின் கீழ். ஜெலுத்தோங் உறுப்பினர் உட்படப் பினாங்கிலிருந்து நாடாளுமன்றம் போயிருப்பவர்களில் பலர் ஆளும் கூட்டணியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பட்ஜெட் விவாதத்தில் இந்த அட்டவணையைப் பற்றி அவர்களில் யார் எழுந்து கேட்கப்போகிறார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.